ஹெரால்டைக் கொடுத்துவிட முடிவு செய்துவிட்டேன்

போன ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜாவிலிருந்து தம்பி கூப்பிட்டான். "அக்கா, அது அப்பா வண்டி. அதைப் போய் யாராவது விப்பாங்களா?" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். இதே கேள்வியைச் சித்தப்பா கேட்டார், அப்பாவோடு வேலை பார்த்த இரண்டு மாமாக்கள் கேட்டார்கள், தெருமுனையில் இஸ்திரி போடுகிற அண்ணன்கூடக் கேட்டார். எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவை எழுதிவிடுகிறேன்.

எங்கள் வண்டி 1970 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3 கார். கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட் என்றால் மெட்ராஸுக்கு ஹெரால்ட். பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் செய்தது. இதற்கு மூல வண்டி இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்ட். 1959இல் வந்த அந்தக் காரை வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அங்கே அதற்கு இரண்டே கதவு. நான்கு கதவு வைத்த ஹெரால்டை உலகத்திலேயே நம் மெட்ராஸில்தான் செய்தார்கள். 1985இல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார் எடுபடாமல் போய், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தொழிற்சாலையும் மூடப்பட்டது. அப்பா அங்கே மெஷின் ஷாப்பில் டர்னர், அதாவது லேத் என்கிற கடைசல் மெஷினில் இரும்பைக் கடைபவர். 1981இல் தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் இந்த வண்டியைப் பழையதாக வாங்கினார். அப்போது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு மூன்று.

ஹெரால்டின் பானெட் மற்ற கார்களைப் போல மூடி மட்டும் திறக்காது. இரண்டு பக்கமும் இருக்கிற கொக்கியைக் கழற்றித் தூக்கினால் மட்காடு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து வண்டியின் முகம் முழுவதும் முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சின் வெட்டவெளியில் நிற்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இடது டயரில் அப்பா, வலது டயரில் நான். "செவன் பை சிக்ஸ்டீன் எடும்மா" என்பார். இங்கிலாந்து வண்டி என்பதால் நட்டு, போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. பின்னம் என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதற்கு முன்பே எனக்கு அந்த ஸ்பேனர் பெட்டி சொல்லித்தந்துவிட்டது. அரை இஞ்ச் எது, நைன் பை சிக்ஸ்டீன் எது என்று இருட்டில் தடவிப் பார்த்தே எடுத்துக் கொடுப்பேன்.

எங்கள் குரோம்பேட்டைத் தெரு குறுகல். எதிர்வீட்டு அம்பாசடர் மூன்று தடவை முன்னால் பின்னால் போய்த்தான் திரும்பும். ஹெரால்ட் இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் ஒரே வீச்சில் திரும்பிவிடும். அப்பா அப்படித் திருப்பும்போதெல்லாம் அம்மாவை ஒரு தடவை பார்ப்பார். அம்மா பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்பா 2016இல் போனார். அதற்குப் பிறகு வண்டி என் பொறுப்பு. தம்பி, நீ செலவில் பாதி தருகிறேன் என்றாய். பணத்தை முதலில் பேசி முடித்துவிடலாம். போன வருஷம் மட்டும் 1,38,000 ரூபாய் ஆயிற்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெருவில் நின்ற தண்ணீர் வண்டிக்குள் சீட் வரைக்கும் ஏறியது உனக்குத் தெரியும். வடிந்ததும் துடைத்துக் காயவைத்தேன். ஆனால் உள்ளே தங்கிய ஈரம் தரைத்தகட்டையும், சேஸி என்கிற அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் போகிற கைகளையும் அரித்துவிட்டது. செலவில் பாதிக்கு மேல் அந்த டிங்கரிங் வேலைக்குத்தான். போன வருஷம் முழுக்க வண்டி ஓடியது 640 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 215 ரூபாய்க்கு மேல் வருகிறது. சரி, இதையும் தாங்கிக்கொள்ளலாம் என்றே வைத்துக்கொள். வங்கிச் சம்பளம் வருகிறது, நீயும் அனுப்புவாய். பணத்துக்காக மட்டும் என்றால் நான் இந்த முடிவுக்கு வந்திருக்கவே மாட்டேன்.

பணம் கொடுத்தாலும் கிடைக்காத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல 2019இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். உன்னிடம் அப்போது முழுதாகச் சொல்லவில்லை.

ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கி நிற்பது ஓர் இரும்புத் தண்டு. அதன் அடிமுனை, உள்ளே மரையிட்ட ஒரு பித்தளைத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தத் துண்டுக்கு ட்ரனியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள்தான் சுழல்கிறது. அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும், 90 நம்பர். கிரீஸ் அடிக்கக் கூடாது. கிரீஸ் மரையின் அடிவரைக்கும் போகாமல் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் தங்கித் தண்டு அரிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அப்பா இதற்கென்று ஓர் ஆயில் கன் வைத்திருந்தார். அவர் போன பிறகு வண்டியைப் பார்த்த ஒரு மெக்கானிக், நல்ல எண்ணத்தில்தான், மற்ற எல்லா இடத்துக்கும் அடிக்கிற மாதிரி அங்கேயும் கிரீஸ் அடித்துவிட்டார். நான் பக்கத்தில் நிற்கவில்லை. ஆபீஸில் இருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் தெருமுனையில் திரும்பினேன். டங்கென்று ஒரு சத்தம். வண்டி இடதுபக்கம் மண்டியிட்ட மாதிரி உட்கார்ந்தது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் மட்காடுக்குள் மடிந்து கிடக்கிறது. தண்டு முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் முக்கால்வாசி கறுத்துப்போன பழைய அரிப்பு, கால்வாசிதான் புதுசாகப் பளபளத்தது. அவ்வளவு காலமாக அந்தக் கால்வாசி இரும்பின் மேல்தான் நாங்கள் போய்வந்துகொண்டிருந்தோம். முந்தின நாள் சாயங்காலம் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் அறுபதில் வந்திருக்கிறேன். பின்சீட்டில் என் மகளும் அம்மாவும்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று தெளிவு. இந்த வண்டிக்கு வேண்டியது விஷயம் தெரிந்த கை. சைதாப்பேட்டையில் நாற்பது வருஷம் ஹெரால்ட் மட்டுமே பார்த்த பாய் ஒருவர் இருந்தார், பிறகு அவரிடம்தான் போனேன். சத்தத்தை வைத்தே எஞ்சின் வால்வுகளின் டேப்பட் இடைவெளி சொல்லுவார். கண் மங்கிப்போய் 2022இல் ஷெட்டை மூடிவிட்டார். அதற்குப் பிறகு போன இடங்களில் மில்லிமீட்டர் ஸ்பேனர்தான் இருக்கிறது. அரை இஞ்ச் போல்ட்டுக்கு 13 நம்பரைப் போட்டுத் திருகுவார்கள். மூன்று தடவை திருகினால் போல்ட் தலை மழுங்கிவிடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன வண்டி இது. அப்பாவின் ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு நானே போய் நின்றால்தான் வேலை ஒழுங்காக நடக்கிறது. வாரத்தில் ஆறு நாள் எனக்கு அது முடியாது. அப்பா சொல்லிக்கொடுத்ததில் எடுத்துக் கொடுக்கத்தான் எனக்குத் தெரியும். போடத் தெரியாது.

உதிரிபாகமும் அப்படித்தான். ட்ரனியன், பிரேக் சிலிண்டர் போன்றவை இங்கிலாந்தில் இன்னும் புதிதாகவே கிடைக்கின்றன, அங்கே டிரையம்ஃப் வைத்திருப்பவர்கள் நிறைய. அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்தால் பொருள் விலையைத் தாண்டும், ஆனாலும் வந்துவிடும். பின்கதவுக் கண்ணாடி உடைந்தால்? நான்கு கதவு ஹெரால்டே அங்கே கிடையாது. காட்பாடிப் பக்கம் கொல்லையில் செத்துக் கிடந்த ஒரு மார்க் 3ஐ அதற்காகவே வாங்கி, கதவுகளைக் கழற்றி மொட்டைமாடியில் வைத்திருக்கிறேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஆகாது. வண்டியின் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்கிற ரப்பர்ச் சவ்வு பிசுபிசுத்துப் போய், ஒரு நாள் காலையில் போர்ட்டிகோ முழுக்க பெட்ரோல் வாடை. அடுப்பு எரிகிற வீடு, அம்மாவுக்கு எண்பது வயது.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்குக் கோபம் உண்டு. பதினைந்து வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாய். பிறகு 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டிலிருந்து இருபது வருஷம் தாண்டியவற்றுக்கு 10,000. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை இதைக் கட்ட வேண்டும். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிய 2021இல் தனி விதி வந்தது. 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இவ்வளவுதான். ஒழுங்காகப் பராமரித்து, வாரத்தில் ஒரு நாள் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறவளுக்கு இதில் இடம் எங்கே? என் வண்டி வருஷத்துக்கு 640 கிலோமீட்டர் விடுகிற புகை எவ்வளவு இருந்துவிடும்? ஓடுகிற தூரத்தைப் பார்த்துக் கட்டணம் வைத்தால் நான் மறுபேச்சில்லாமல் கட்டுவேன். வயதை மட்டும் பார்ப்பது நியாயமே இல்லை.

"ஓட்ட வேண்டாம், கவர் போட்டு வை, அப்பா ஞாபகமா இருக்கட்டும்" என்கிறார்கள் சித்தப்பாவும் மாமாக்களும். மன்னிக்க வேண்டும், என்னால் முடியாது. ஊரடங்கு நேரத்தில் நாலு மாசம் கவர் போட்டு வைத்துப் பார்த்தேன். பிரேக் பிடித்துக்கொண்டது, பேட்டரி போயிற்று, எலி ஒயரைக் கடித்திருந்தது, டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. அப்பா தன் கையால் தேய்த்துத் தேய்த்து ஓட வைத்த வண்டி என் கண்ணெதிரே துருப்பிடித்து உட்காருவதைத் தினமும் பார்த்துக்கொண்டு பல் விளக்குவதைவிட, வேறு ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்படுவது எனக்கு ஆயிரம் மடங்கு மேல். என் மகளிடமும் கேட்டேன். "எனக்கு அந்த வண்டி பிடிக்கும்மா, ஆனா நான் பாத்துக்க மாட்டேன்" என்றாள். இவ்வளவு நேர்மையாகச் சொன்னதற்கு அவளைக் கட்டிக்கொண்டேன்.

மூன்று பேர் கேட்டு வந்தார்கள். ஒருவர் ஹோட்டல் வாசலில் நிறுத்தி வைக்க, நான்கு லட்சம் என்றார். இன்னொருவர் எஞ்சினைக் கழற்றிவிட்டு மாருதி எஞ்சின் போடப்போவதாகச் சொன்னார். தொல்லையில்லாமல் ஓடும் என்பது உண்மைதான், ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. மூன்றாவதாக வந்தவர் கோபிச்செட்டிபாளையம் பக்கம் லேத் வைத்திருக்கும் பையன், முப்பது வயது இருக்கும். விலை கேட்கவில்லை. பானெட்டைத் தானே சாய்த்து, டயர் மேல் உட்கார்ந்து, குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ட்ரனியனுக்கு ஆயில் ஊத்துறீங்களாங்க்கா, கிரீஸ் அடிக்கறீங்களா?"

உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "லேத் புடிக்கிற கை" என்றாள். இரண்டேகால் லட்சத்துக்குப் பேசி முடித்தோம். மொட்டைமாடிக் கதவுகள், அங்குல ஸ்பேனர் பெட்டி, ஆயில் கன் எல்லாம் சேர்த்துத்தான். ஸ்பேனரை மட்டும் வைத்துக்கொள்ளேன் என்று அம்மா சொன்னாள். வண்டி அங்கே, ஸ்பேனர் இங்கே என்றால் இரண்டும் வீண் என்றேன். சரி என்றாள்.

அம்மா ஒன்று மட்டும் கேட்டாள். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை பெருங்களத்தூர் போய்வர வேண்டும். நேற்று விடிகாலை ஐந்து மணிக்கு, லாரிகள் கிளம்புவதற்குள் போனோம். தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்கள், அடுக்குமாடிகள். ஷிப்டு விடுகிற நேரத்துக்குச் சாப்பாட்டுக் கூடையோடு தான் நிற்கும் இடத்தை அம்மா தேடினாள், கண்டுபிடிக்க முடியவில்லை. ஓரமாக நிறுத்தி ஃபிளாஸ்க்கில் இருந்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினோம். திரும்பும்போது தெருமுனையில் ஒரே வீச்சில் திருப்பினேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

தம்பி, அடுத்த மாதம் 18ஆம் தேதி அந்தப் பையன் லாரியோடு வருகிறார். அதுவரை வண்டி வீட்டில்தான் இருக்கும். டிக்கெட் கிடைத்தால் வந்து ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டுப் போ, டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. வளைவில் பிரேக் மிதிக்காதே, அப்பா சொன்னது ஞாபகம் இருக்கும். அப்பாவின் நோட்டில் அடுத்த ட்ரனியன் ஆயில் தை மாதம் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டிவிட்டேன், போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்.