பக்கத்துக் காட்டுக்காரரைக் கூப்பிடாமல் அளக்காதீர்கள்

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 18 வருடமாக நிலம் அளக்கிறேன். தனியார் சர்வேயர். எங்கள் தொழிலில் ஒழுக்கம் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் லஞ்சத்தைப் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அன்றைக்கு யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வாங்கவில்லை. ஆனாலும் ஒரு வயதான அம்மாவின் நிலம் போனது.

தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம். வேலந்தாவளம் போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பு விலைக்கு வந்தது. வாங்குகிறவர் அளக்கக் கூப்பிட்டார். கிழக்குப் பொழியில், அதாவது எல்லை வரப்பில், இருக்க வேண்டிய சர்வே கற்களைக் காணோம். தேடினால் அரை நாள் ஆகும், நல்ல வெயில் வேறு. அவர் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்று அவசரப்பட்டார். கிளுவை வேலி ஒன்று பழசாக, நேராக இருந்தது. அதையே எல்லையாகப் பிடித்து அளந்து ஸ்கெட்ச் போட்டுக் கொடுத்துவிட்டேன். கிழக்கே காடு (எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் காடு என்போம்) வைத்திருந்த ஆத்தா பேத்தி வீட்டுக்குப் போயிருந்தார். "வந்தா சொல்லிக்கலாங்க" என்றார்கள். சரி என்றேன்.

என் ஸ்கெட்சை நம்பி வேலி இருந்த இடத்தில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்தார்கள். வேலியோரம் நின்ற ஆத்தாவின் நாலு பனையையும் வெட்டிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்துத் தோப்புக்குள் பைப் போட ஜேசிபி தோண்டும்போது ஒரு சர்வே கல் கிடைத்தது. பிறகு மறுமுனைக் கல்லையும் தேடி எடுத்தோம். உண்மையான எல்லை கம்பி வேலியிலிருந்து 85 சென்டிமீட்டர் தோப்புக்குள்ளே இருந்தது. 120 மீட்டர் நீளம். கணக்குப் போட்டால் 102 சதுர மீட்டர், இரண்டரை சென்ட் நிலம்.

ஆத்தா சத்தம் போடவில்லை. "ஏங்கண்ணு, அந்த வேலி எங்க மாமியா காலத்துல ஆட்டுக்காக உள்ள தள்ளிப் போட்டது. என்னைய ஒரு வார்த்தை கூப்புட்டிருந்தா கல்லு எங்கன்னு காட்டியிருப்பேனே" என்றார். ஸ்கெட்சைத் திருத்தி, முதலில் எப்படித் தப்பாக அளந்தேன் என்பதையும் எழுதி, இரண்டு பேருக்கும் கொடுத்தேன். வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். தோப்புக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டார். நிலம் திரும்பி வந்தது. பனை வரவில்லை.

வக்கீல் தன் கட்சிக்காரருக்காக மட்டும் பேசலாம், எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வக்கீல் இருப்பார். பொழியில் கருவியோடு நிற்கும் சர்வேயர் ஒரே ஆள். கூலி கொடுத்தவருக்கு எவ்வளவு சொந்தமோ, அன்றைக்கு ஊரில் இல்லாத பக்கத்துக் காட்டுக்காரருக்கும் அந்தக் கோடு அவ்வளவு சொந்தம். கூலி கொடுக்காத அந்த ஆளுக்கும் நான் பொறுப்பு என்று ஒரு சர்வேயருக்குத் தோன்றவில்லை என்றால், அவர் எவ்வளவு நேர்மையாகப் பணம் வாங்கினாலும் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வராது.

எங்கள் எல்லைப் பகுதியில் இது இன்னும் சிக்கல். எங்கள் சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்யம். பக்கத்துப் பாலக்காடு தாலுகா மலபாரைச் சேர்ந்தது, மெட்ராஸ் மாகாணத்தின் 1923ஆம் வருட சர்வே சட்டம் அங்கே நடந்தது. கேரளா முழுவதற்கும் ஒரே சர்வே சட்டம் 1961இல்தான் வந்தது. இந்தப் பக்கம் தோப்பும் பொள்ளாச்சிப் பக்கம் காடுமாக வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. பழைய ஆதாரத்தில் ஏக்கரும் சென்டும் இருக்கும், புதிய ரிக்கார்டில் ஆர் என்ற மெட்ரிக் அளவு இருக்கும். ஓர் ஆர் என்பது 2.47 சென்ட். சிலர் இதை இரண்டரை என்று வாய்க்கணக்காகப் பெருக்குகிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு மூன்று சென்ட் அங்கேயே பிசகிவிடும். எந்த ரிக்கார்டை வைத்து அளந்தேன், எந்தக் கல்லில் ஆரம்பித்தேன், எந்தக் கல்லைக் காணவில்லை என்று ஸ்கெட்சிலேயே எழுதினால் அடுத்து வருகிறவர் சரிபார்க்கலாம். எழுதாத ஸ்கெட்ச் வெறும் படம்.

இன்னொன்று, மொழி. இங்கே மஹஸர், அதாவது இடத்தைப் பார்த்து எழுதும் அறிக்கை, மலையாளத்தில் எழுதப்படும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம்மை நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள். வாசித்துத் தமிழில் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது ஏமாற்று வேலை. அதற்கு மென்மையான பேர் எனக்குத் தெரியவில்லை. கேரளாவில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதிலும் பெறலாம் என்று 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. வரப்பில் நிற்கும் சர்வேயருக்கு அதைவிடக் கூடுதல் கடமை உண்டு என்பேன்.

வக்கீல்களுக்கு 1961ஆம் வருடச் சட்டமும் பார் கவுன்சிலும் இருக்கின்றன. ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972ஆம் வருடச் சட்டத்தின் மூலம் கவுன்சில் வந்துவிட்டது. நில அளவைக்காரர்களுக்கு நாடு முழுவதற்குமாக அப்படி ஒரு சட்டம் இல்லை. 1878இல் பாரிஸில் தொடங்கிய எஃப்ஐஜி என்ற உலக சர்வேயர் கூட்டமைப்பு, நேர்மை, யார் பக்கமும் சாயாமை, கவனத்தோடு கூடிய திறமை, கடமை என்று நாலு விஷயங்களை எழுதி வைத்திருக்கிறது. நம் ஊரில் இவற்றை மீறினால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்தவரெல்லாம் சர்வேயர். கூடுதலாகக் கிடைக்கும் நிலத்துக்குப் பங்கு பேசி அளக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சம்பளம் வாங்கும் சர்வேயர் ஞாயிற்றுக்கிழமை தனியாக அளந்து கொடுத்த காட்டின் புகாரைத் திங்கட்கிழமை அவரே விசாரித்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே நின்றாக வேண்டும்.

இப்போது இதை எழுதக் காரணம் டிஜிட்டல் ரீசர்வே, அதாவது கேரள அரசு நிலங்களை மறுபடி அளக்கும் வேலை. 2022 நவம்பர் 1இல் 'எண்டே பூமி' (என் நிலம்) என்று தொடங்கியது. செயற்கைக்கோளை வைத்து அளக்கும் ஆர்டிகே கருவி நான் நிற்கும் இடத்தை ஓரிரு அங்குலத்துக்குள் சரியாகச் சொல்லும். அந்த இடத்தில் என்னை நிற்கச் சொன்னது யார் என்பது அதற்குத் தெரியாது. தப்பான வேலியில் வைத்தால் தப்பையே துல்லியமாகப் பதிந்துவிடும். நல்ல கருவி வந்த பிறகு கல் தேடுகிற பழக்கம் குறைந்துவிட்டது என்பதே என் பெரிய கவலை. போன மாதம் எருத்தேம்பதியில் ஒரு வேலை. பக்கத்துக் காட்டு அண்ணன் பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து வரட்டும் என்று மதியம் மூன்று மணி வரைக்கும் கருவியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டவருக்குக் கோபம். அண்ணன் வந்து எருக்குழி ஓரத்தைக் காட்டினார். ஒரு முழ ஆழத்தில் கல் இருந்தது.

உங்கள் வில்லேஜில் ரீசர்வே வந்தால் வீட்டில் இருக்கும் மூத்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொழியில் நில்லுங்கள். வரைவு ரிக்கார்டை வெளியிடும்போதே பரப்பையும் நாலு பக்க எல்லையையும் பார்த்து, பிசகு இருந்தால் எழுதிக் கொடுங்கள். அளவை முடிந்தது என்று 1961 சர்வே சட்டத்தின் 13ஆம் பிரிவு அறிவிப்பு வந்துவிட்டால் அப்புறம் சிவில் கோர்ட்தான், அதற்கும் காலக்கெடு உண்டு. தொழிலில் இருக்கிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால், காணாமல் போன கல்லை ஸ்கெட்சில் "காணவில்லை" என்று எழுதுங்கள். எழுத வேண்டாம் என்று கட்சிக்காரர் சொன்னால் அந்த வேலையை விட்டுவிட்டு வாருங்கள்.