பூட்டிய படிக்கட்டு வழியாகாது

ஞாயிற்றுக்கிழமை எங்கள் உறவுக்காரர் விசேஷம் நடந்த மண்டபத்தில் மேலாளரோடு எனக்கு ஏற்பட்ட வாக்குவாதத்தின் காணொளியைப் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள். யார் என்ன பேசினார்கள் என்பதை மறுபடி எழுதப் போவதில்லை. நான் கேட்டது ஒன்றுதான். மாடியில் பந்தி நடக்கும்போது பின்பக்கப் படிக்கட்டின் கதவு சங்கிலியிட்டுப் பூட்டியிருந்தது. அதைத் திறந்து வையுங்கள் என்றேன். "நல்ல காரியம் நடக்கிற இடத்துல அபசகுனமாப் பேசாதீங்க" என்றார் மேலாளர். அவர் சொன்னதைப் பொறுத்துக்கொள்வேன். என் சொந்தங்களும் அதையே திருப்பிச் சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை.

கட்டட வரைபடம் போடுவது என் தொழில். இரண்டு படிக்கட்டு காட்டினால்தான் இப்படிப்பட்ட மண்டபத்தின் வரைபடம் தேறும். அந்த இரண்டாவது படிக்கட்டைக் கம்பிக் கதவின் வழியாகப் பார்த்தேன்: தலைக்கு மேல் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், ஜமுக்காளச் சுருட்டுகள், காலித் தண்ணீர் கேன்கள். பக்கத்துச் சுவரில் தொங்கிய தீயணைப்பானின் அழுத்தம் காட்டும் முள் சிவப்பில் நின்றது; தேவைப்படும்போது வேலை செய்யுமா என்பதே சந்தேகம். பூட்டிய படிக்கட்டு வரைபடத்தில் வழி. தீப்பிடித்த நேரத்தில் சுவர்.

வெளியேறும் கதவு சாவி இல்லாமல் உள்ளிருந்தே திறக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, தன் நான்காம் பகுதியில் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அந்தத் தொகுப்பு பரிந்துரைதான்; மாநிலம் தன் விதியில் எடுத்துக்கொண்ட அளவுக்கே அது கட்டுப்படுத்தும். தேசியத் தொகுப்பு 15 மீட்டரிலேயே உயரக் கட்டடம் என்கிறது, நம் மாநிலத்தின் 2019 கட்டட விதிகளோ 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அப்படிச் சொல்கின்றன. கண்டிப்பெல்லாம் உயரமான கட்டடங்களுக்குப் போய்விட, இரண்டு மாடி மண்டபம் பாதுகாப்புச் சான்று வாங்கிய மறுநாளிலிருந்து யார் கண்ணிலும் படுவதில்லை.

இரண்டு மாடிதானே என்பவர்களுக்கு: 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் கீற்றுப்பந்தல் பற்றி எரிந்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். இரண்டுமே வானளாவிய கட்டடங்கள் அல்ல. கீற்று போய் ஜிப்சம் சீலிங்கும் ஏசியும் வந்துவிட்டன என்று ஆறுதல் கொள்ள முடியாது. மூடிய கூடத்தில் புகை மேலிருந்து இறங்கி நிரம்பும், பெரும்பாலும் தீயைவிடப் புகைதான் முதலில் கொல்லும். நெரிசலில் மக்கள் தாங்கள் ஏறி வந்த படியை நோக்கியே ஓடுவார்கள். ஆகவே மற்ற வழி திறந்திருப்பது மட்டும் போதாது, வெளிச்சமாக, கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருக்கும் சித்தப்பாவிடம், பின்கதவை மறைத்து நிற்கும் அலமாரியை நகர்த்தச் சொல்லிப் பல ஆண்டுகள் கெஞ்சியிருக்கிறேன். 2020 தீபாவளி நேரத்தில் நவபத்கானா தெரு ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர், கட்டடம் இடிந்து விழுந்து இறந்தார்கள். அந்த வாரமே சித்தப்பா அலமாரியை நகர்த்தினார். அடுத்த தீபாவளிச் சரக்கு வந்ததும் அது பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அவர் கெட்டவர் அல்லர், மண்டபக்காரரும் கெட்டவர் அல்லர். பயம் தணிந்ததும் இடம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஒரு நாள் பார்வையிட்டுக் கொடுக்கும் சான்று போதாது என்கிறேன்.

கதவைத் திறந்து வைத்தால் பின்வழியாகத் திருடன் வருவான் என்று காணொளியின் கீழே சிலர் எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கவலை. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காத கதவுத்தண்டு கடையிலேயே கிடைக்கிறது. செலவு யார் தருவது என்று கேட்பவர்களே, மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவை யாரும் கேட்பதில்லையே. விளம்பரத்துக்காகப் பேசினேன் என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அன்று பந்தியில் என் அக்காள் மகள் கைக்குழந்தையோடு அந்தப் பூட்டிய கதவை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். அபசகுனம் என்று என்னைச் சொன்ன அத்தையும் அதே வரிசையில்தான் இருந்தார். முழங்கால் வலியில் அவரால் ஒரு படிகூட வேகமாக இறங்க முடியாது. அவர்களுக்காகத்தான் குரல் உயர்ந்தது.

ஆவணி முகூர்த்தத்துக்கு இப்போதே மண்டபம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் பின்பக்கப் படிக்கட்டில் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை இறங்கிப் பாருங்கள். சாவி தேட வேண்டும் என்று சொன்னால் வேறு மண்டபம் பாருங்கள்.