மண்ணோடு மண்ணாகும் முன் எடுக்க வேண்டிய நெகிழி

வயல் மண்ணில் சேரும் நெகிழியை அகற்ற நமக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. அது தாளாகவும் குழாயாகவும் பையாகவும் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். நொறுங்கித் துகளான பிறகு, ஒரு ஏக்கர் மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுக்க நடைமுறையில் வழியே கிடையாது. பயிரையும் நெகிழியையும் பற்றிய எந்தப் பேச்சும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காற்றில் பறந்து வரும் குப்பைப் பைகள் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பயிர் சாகுபடிக்கும் கால்நடை வளர்ப்புக்கும் மட்டும் உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.25 கோடி டன் நெகிழிப் பொருட்கள் பயன்படுகின்றன. தரம் பிரிக்காத குப்பையிலிருந்து தயாரான மக்கு உரத்திலும், கழிவுநீர்க் கசடிலும் கலந்து வயலுக்கு வரும் துகள்கள் தனிக் கணக்கு.

மல்ச்சிங் ஷீட் எனப்படும் மூடாக்குத் தாளையே எடுத்துக்கொள்வோம். அது களையை அடக்கி, ஈரத்தைக் காக்கிறது. ஆகவே அதை விரிக்கும் விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அறுவடைக்குப் பின் அதை உருவும்போது நடப்பதைப் பார்க்க வேண்டும். வெயிலில் நொய்ந்துபோன தாள், மண்ணில் புதைந்திருக்கும் விளிம்பை ஒட்டியே கிழிகிறது. நடுப்பகுதி கையோடு வந்துவிட, பாத்தியின் இருபுறமும் மண் அணைத்த ஓரங்கள் உள்ளேயே தங்கிவிடுகின்றன. அடுத்த உழவில் ரோட்டவேட்டர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மண்ணோடு புரட்டிவிடுகிறது. தாள் மெலிதாக இருக்க இருக்க இந்த இழப்பும் கூடும். சீனா 2017-இல் வெளியிட்ட தரநிலையில் தாளின் குறைந்தபட்சத் தடிமனை 0.008 மில்லிமீட்டரிலிருந்து 0.010 மில்லிமீட்டராக உயர்த்தியது, கிழியாமல் திரும்ப எடுக்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான்.

பருவத்துக்குப் பருவம் இத்துண்டுகள் சேரும்போது நீர் இறங்கும் பாதை மறிக்கப்படுகிறது. வேர் பரவ இடம் குறைகிறது. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய நுண்நெகிழியாக அவை சிதைந்த பின் மண்ணின் அடர்த்தி, நீரைப் பிடித்துவைக்கும் திறன், நுண்ணுயிர்களின் செயல்பாடு ஆகிய அனைத்தும் மாறக்கூடும். நெகிழியின் வகையையும் அளவையும் பொறுத்து இந்த மாற்றம் வேறுபடுகிறது என்பதையும், சில சோதனைகளில் பயிர் சற்றுக் கூடுதலாகவே வளர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால் எனக்கு நிம்மதி பிறக்கவில்லை, ஏனெனில் மண்ணின் கட்டமைப்பே மாறுகிறது என்பதற்கு அதுவும் ஒரு சான்றுதான். மண்புழுக்களோ இத்துகள்களைத் தின்றும், உடலில் ஒட்டிச் சுமந்தும் தம் வளைகளின் ஆழத்துக்குக் கொண்டு செல்கின்றன. துகள்களின் செறிவு மிகும்போது அவற்றின் வளர்ச்சி குன்றுவதும் சோதனைகளில் தெரியவந்துள்ளது.

என்னை மிகவும் கலங்கவைப்பது வேரில் நடப்பது. முதன்மை வேரின் தோலைப் பிளந்துகொண்டு பக்கவேர் வெளிவரும் இடத்தில் நுண்ணிய வெடிப்பு ஒன்று உண்டாகும். கோதுமையிலும் லெட்யூஸ் கீரையிலும் மிகச் சிறிய நெகிழித் துகள்கள் அந்த வெடிப்பின் வழியே உள்ளே நுழைந்து, நீரோட்டத்தோடு தண்டுக்கும் இலைக்கும் ஏறுவதை 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பயிர் வளரும்போது இயல்பாகத் திறந்தாக வேண்டிய வாசல் அது. அதை அடைக்க எந்த மருந்தாலும் இயலாது.

ஆகவே பொறுப்பை விவசாயியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமல்ல. கிழிந்த தாளைச் சேகரிக்கும் கூலியையும், மண் ஒட்டியதால் மறுசுழற்சிக்காரர்கள் வாங்க மறுப்பதால் வரும் சுமையையும் அவரே தாங்கும் வரை, வரப்போரத்தில் எரிப்பதும் உழுது புதைப்பதும் தொடரத்தான் செய்யும். பிரேசில் 2000-ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் பூச்சிமருந்துக் கலன்களை விவசாயி திருப்பித் தரவும், விற்பவர் பெற்றுக்கொள்ளவும், உற்பத்தியாளர் முறையாக அப்புறப்படுத்தவும் கடமையைப் பகிர்ந்து வைத்தது. அங்கே கலன்கள் பெருமளவில் திரும்பி வருகின்றன. மூடாக்குத் தாளுக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் இதே கடமை ஒவ்வொரு நாட்டிலும் சட்டமாக வேண்டும். திரும்பப் பெறும் செலவு விற்பனை விலையிலேயே அடங்கியிருக்க வேண்டும். உருவும்போது கிழியும் அளவுக்கு மெல்லிய தாளை விற்கவே அனுமதிக்கக் கூடாது.