பாலமோருக்கும் கொட்டாரத்துக்கும் ஒரே மழையா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு போனில் வரும் வானிலைச் செயலியை நம்பி வெளியே கிளம்ப முடியவில்லை. திற்பரப்பு அருவிக்குப் போகலாம் என்று குடும்பத்தோடு புறப்பட்டோம். போனில் பளிச்சென்று சூரியன். குலசேகரம் தாண்டியதும் ஊற்றுகிறது, அருவியில் குளிக்கத் தடை. அங்கேயே நின்று செயலியைத் திறந்தால் அப்போதும் அதே சூரியன்! எரிச்சல் வருமா வராதா?

இப்படிப்பட்ட செயலிகள் பலவும் நம்பியிருப்பது கணினிக் கணிப்புகளைத்தான். உலகம் முழுவதற்கும் வானிலையைக் கணிக்கும் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் (GFS) என்ற கணினி மாதிரி பூமியைச் சுமார் 13 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துத்தான் பார்க்கிறது. நம் ஊரிலோ அந்தத் தூரத்துக்குள் வயல், ரப்பர் தோட்டம், மலை எல்லாம் வந்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஆளையே தள்ளும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. மலைப் பகுதியான பாலமோரில் கொட்டும்போது, கன்னியாகுமரி ஊர்ப் பக்கம் உள்ள கொட்டாரத்தில் ஒரு துளி விழாமல் இருக்கும். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே படம், ஒரே சதவீதம்.

இத்தனைக்கும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள், மயிலாடி, குழித்துறை என்று ஊர் ஊராக மழையை அளக்கிறார்கள். மில்லிமீட்டர் கணக்கு செய்தித்தாளில் வருகிறது. சரி, அதை அந்தந்த ஊர்ப் பெயரோடு போனில் காட்டினால் என்ன? அணைப் பகுதியில் முந்தின நாள் எவ்வளவு பெய்தது என்று தெரிந்தாலே போதும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அருவிக்குப் போவதா, மருந்துவாழ் மலை ஏறுவதா என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிடலாம். செயலியோ நிலவின் வடிவத்தையும் நாலு விளம்பரத்தையும் காட்டிக்கொண்டிருக்கிறது.