கஞ்சித்தொட்டி என்று சொல்ல என்ன கூச்சம்?

ஸ்டான்லி ஆஸ்பத்திரியை எங்கள் வடசென்னைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். படித்து, அண்ணா நகர் பக்கம் குடிபோன பிள்ளைகளுக்கு இது ஆகாது. "ஸ்டான்லின்னு சொல்லும்மா" என்று முகம் சுளிப்பார்கள். என்னைக் கேட்டால், அம்மாக்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

1780இல் ஹைதர் அலியின் படை இறங்கியதும் பட்டணத்தைச் சுற்றியிருந்த ஊர்கள் பாழாகின. சனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மதராசுக்கு ஓடி வந்தார்கள். பின்னாலேயே பஞ்சம். 1782இல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். பசித்து வருகிறவன் நோயோடும்தானே வருவான்? 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். அது வளர்ந்து வளர்ந்து ஆஸ்பத்திரியானது. கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது 1930களில். 1938இல் மருத்துவக் கல்லூரி. கஞ்சிக்கும் கவர்னருக்கும் நடுவில் ஒன்றரை நூற்றாண்டு!

ராயபுரத்துப் பாட்டிகளிடம் கேட்டால் கதை இன்னும் ருசியாக இருக்கும். தொட்டி அவ்வளவு பெரிசாம், கட்டுமரத் துடுப்பைப் போட்டுத்தான் கிண்டுவார்களாம். கடைசி ஆள் குடித்து எழுந்த பிறகுதான் மணியக்காரர் வாயில் பச்சைத் தண்ணீர் படுமாம். ஒருநாள் தொட்டி வழித்துத் துடைத்த மாதிரி காலியாகிவிட, பிச்சைக்காரக் கிழவி வேஷத்தில் வந்த அங்காளம்மன் உள்ளே எட்டிப் பார்த்தாளாம், தொட்டி விளிம்புவரை பொங்கியதாம். இது என் பாட்டி சொன்னது. எதிர்வீட்டுக் கிறிஸ்தவ ஆயா சொன்னால் வந்தவர் கிழவர், அவர் ராயப்பர், அதாவது புனித பேதுரு. இரண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொல்வார்கள், சண்டை வந்ததில்லை.

துடுப்பை நான் நம்பவில்லை, அம்மனையும் ராயப்பரையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் பஞ்சம், கஞ்சி, மணியக்காரர் மூன்றையும் தப்பாமல் காப்பாற்றி வைத்தது இந்தக் கதைதான். பாரம்பரிய நடை என்று கிளம்புகிறவர்கள் கோட்டையையும் மயிலாப்பூரையும் சுற்றிவிட்டுக் கலைகிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் யார் வருகிறார்கள்? அந்தச் சத்திரம் இன்றும் ஆதரவற்ற முதியவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் பெரிசாக ஒரு பலகை வையுங்கள். முதல் வரியில் 1782, கஞ்சி, மணியக்காரர் சத்திரம். கவர்னர் பெயர் அதற்குக் கீழே வரட்டும்.