பதினாறு படி

(எகிப்தில் குர்னா கிராமம், நைலுக்கு மேற்குக் கரை. 1922 நவம்பர் 4, சாயங்காலம். துட்டன்காமுன் என்ற பழங்கால ராஜாவின் கல்லறையைத் தேடி, ஹோவர்ட் கார்ட்டர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தோண்டுகிறார். மஹ்மூத் அங்கே மண் சுமக்கும் கூலியாள். அரபியில் பேசினால் இந்தக் குழப்பமே வராது. நமக்காகத் தமிழில் பேசிக்கொள்கிறார்கள்.)

மஹ்மூத்: ஜைனப், இன்னிக்கு ஒரு படி கிடைச்சிருக்கு!

ஜைனப்: பையைக் காட்டுங்க. கோதுமையா, பருப்பா?

மஹ்மூத்: கல்லுடி.

ஜைனப்: ஒரு படி கல்லா? கூலிக்குப் பதிலா கல்லை அளந்து போடுறாரா அந்தக் கார்ட்டர் துரை?

மஹ்மூத்: அளக்கிற படி இல்ல, ஏறுற படி. ஆறாம் ராம்செஸ் ராஜா கல்லறை வாசல்கிட்ட, அந்தக் காலத்து வேலைக்காரங்க குடிசை போட்டிருந்த இடம் இருக்குல்ல, அதுக்கு அடியில. பாறையிலேயே வெட்டியிருக்கான்.

ஜைனப்: ஏறிப் பார்த்தீங்களா?

மஹ்மூத்: அது கீழேல்ல இறங்குது.

ஜைனப்: இப்பத்தான் ஏறுற படின்னீங்க.

(நவம்பர் 6, இரவு.)

ஜைனப்: இன்னிக்கு எத்தனை படி?

மஹ்மூத்: நேத்தே பன்னிரண்டு வந்துடுச்சு. அங்கே ஒரு வாசல். அடைச்சுப் பூசி முத்திரை குத்தியிருக்கான். மேல ஒரு நரி, கீழ கையைக் கட்டிப்போட்ட ஒன்பது பேர்.

ஜைனப்: உங்க கூட்டத்தை அப்பவே பார்த்து வரைஞ்சிருக்கான்.

மஹ்மூத்: அடிமைங்கடி அது.

ஜைனப்: நானும் அதைத்தான் சொல்றேன். உள்ளே என்ன இருக்கு?

மஹ்மூத்: தெரியாது. இன்னிக்கு மூடிட்டோம்.

ஜைனப்: எதை?

மஹ்மூத்: படியைத்தான். அள்ளின மண்ணையெல்லாம் திரும்பக் கொட்டி, மேல பாறாங்கல்லை உருட்டி வெச்சாச்சு. துரை சொன்னபடி.

ஜைனப்: இது எந்தப் படி?

மஹ்மூத்: ஐயோ... காசு போடுற கார்னர்வான் பிரபு இங்கிலாந்துல இருக்கார். அவர் வந்துதான் திறக்கணுமாம். காலையிலேயே தந்தி அடிச்சாச்சு.

ஜைனப்: ஆக, தோண்டினது நீங்க. மூடினது நீங்க. அவர் வந்து இறங்கினதும் மறுபடி தோண்டப்போறதும் நீங்க.

மஹ்மூத்: தோண்டினதுக்கும் கூலி, மூடினதுக்கும் கூலி. உனக்கு என்ன நஷ்டம்?

ஜைனப்: அப்போ தினமும் மூடச் சொல்லுங்க.

(பிரபு 23-ஆம் தேதி, மகளோடு வந்து சேர்ந்தார். இது 26-ஆம் தேதி இரவு.)

மஹ்மூத்: மொத்தம் 16 படி! அதைத் தாண்டி ஒரு சுரங்கப் பாதை, அந்தக் கடைசியில இன்னொரு வாசல். துரை அதுல ஓட்டை போட்டு, மெழுகுவர்த்தியை நீட்டி எட்டிப் பார்த்தார். பிரபுவுக்கு இருப்புக் கொள்ளல. 'ஏதாச்சும் தெரியுதா?'ன்னு கேட்டார். 'தெரியுது, அற்புதமான பொருளெல்லாம் தெரியுது'ன்னார் துரை.

ஜைனப்: உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?

மஹ்மூத்: முதுகு.

ஜைனப்: யார் முதுகு?

மஹ்மூத்: துரைக்குப் பின்னால பிரபு, அவருக்குப் பின்னால மகள்... நான் கூடையோட நின்ன இடத்துல இருந்து எல்லாமே முதுகுதான்.

(1927, குளிர்காலம். கடைசி அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள்.)

மஹ்மூத்: கைத்தடி மட்டும் நூத்துக்கு மேலயாம். கோவணமும் நூத்துக்கு மேலயாம்.

ஜைனப்: யாருக்கு?

மஹ்மூத்: துட்டன்காமுனுக்குத்தான். ஒன்பது வயசுல பட்டத்துக்கு வந்த பையன். இருபதைத் தொடுறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டான்.

ஜைனப்: செத்தவனுக்கு நூறு. உங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு அங்கி. அதைத் துவைச்சுப் போட்டா அன்னிக்கு வேலைக்கு லீவு.

மஹ்மூத்: நக்கல் வேண்டாம்டி, சாபம் பிடிக்கும். பிரபு செத்தது மறந்துபோச்சா?

ஜைனப்: கன்னத்துல கொசு கடிச்சுது, சவரக்கத்தி அதைக் கீறிடுச்சு, விஷம் ஏறிடுச்சு. இதுக்குப் பேரு சாபம்னா, நம்ம வீட்டுல ராத்திரி பூரா சாபம்தான் காதுகிட்ட பாடுது. கதவை உடைச்ச துரைக்கு என்ன ஆச்சு? இல்ல, மண் சுமந்த உங்களுக்குத்தான் என்ன ஆச்சு?

மஹ்மூத்: துரையை விடு. என்னை ராஜாவுக்குத் தெரியாதே.

ஜைனப்: அதானே. சாபத்துக்குக்கூட உங்க பேரு போய்ச் சேரல.

மஹ்மூத்: அந்தக் காலத்துல அப்படி இல்லடி. உள்ளே திராட்சை மது ஜாடி இருக்கு. எந்த வருஷம் பிழிஞ்சது, எந்தத் தோட்டம், தோட்டத்து மேஸ்திரி யாரு, எல்லாம் மேலயே எழுதியிருக்கான்.

ஜைனப்: திராட்சையை மிதிச்சவன் பேரு?

மஹ்மூத்: அது... இல்ல. ஆனா நம்ம துரையும் புத்தகத்துல எங்க மேஸ்திரிங்க பேரை எழுதி நன்றி சொல்லியிருக்கார்.

ஜைனப்: மூவாயிரம் வருஷம் ஆச்சு, இன்னும் மேஸ்திரியைத் தாண்டல.

மஹ்மூத்: ...

ஜைனப்: சரி, சாப்பிட என்ன வெச்சிருந்தான் அந்தப் பையனுக்கு?

மஹ்மூத்: ரொட்டி, வாத்துக்கறி, கொண்டைக்கடலை, பருப்பு, கோதுமை. கூடை கூடையா.

ஜைனப்: கோதுமையா? எத்தனை படி?