டிஸ்சார்ஜுக்கு அப்புறம் போனில் வருகிற அந்த டாக்டர் யார்?

நோயாளிக்கு என்ன ஆனது, எதற்காக அட்மிட் ஆனார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் எதுவுமே தெரியாத ஒருவர் வீடியோ காலில் வந்து "சொல்லுங்க, என்ன ப்ராப்ளம்?" என்று கேட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் ஃபாலோ-அப் கிடையாது. ஆஸ்பத்திரியில் நேரில் சொல்லிவிட்டேன், போனில் கத்தியும் சொல்லிவிட்டேன், யாருக்கும் உறைக்கவில்லை. வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். மதுரையில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ செய்து, ரத்தக்குழாய் அடைக்காமல் திறந்து வைக்கிற ஸ்டென்ட் வைத்தார்கள். சிகிச்சையைக் குறை சொல்லவே மாட்டேன், உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் இருதயத்தின் பம்பிங் குறைந்துபோயிருக்கிறது, இனிமேல்தான் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் அன்றைக்கு அந்த கார்டியாலஜிஸ்ட்டே எங்களை உட்கார வைத்துச் சொன்னார். அதே நாள் கீழே பில்லிங் கவுண்டரில், ரெவ்யூவுக்கு நீங்கள் அலைய வேண்டாம், பேக்கேஜிலேயே டெலி ரெவ்யூ இருக்கிறது, வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம் என்று சொல்லி அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கினார்கள். எங்கள் ஊர் இளையான்குடிக்கும் உள்ளே. மதுரைக்கு பஸ் மாறிப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பம்பிங் குறைந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டாமே என்று எங்களுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த டெலி ரெவ்யூ நடக்கிற ஆப் முழுக்க ஆங்கிலம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு எழுத்து புரியாது. உள்ளே போக வேண்டுமென்றால் ஓடிபி வேண்டும், அது சென்னையில் இருக்கிற என் நம்பருக்கு வரும், ஏனென்றால் அட்மிஷன் போடும்போது பில் கட்டுகிறவர் நம்பரைத்தான் வாங்கினார்கள். நான் ஆபீஸில் மீட்டிங்கிலிருந்து எழுந்து வெளியே வந்து அந்த எண்ணைச் சொல்ல அப்பாவுக்குப் போன் போட்டால் அங்கே ஆப் மூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பையன் இன்னொரு போனை வைத்துக்கொண்டு நின்றால்தான் உள்ளே நுழையவே முடியும். காலை 11 மணி என்று நேரம் கொடுப்பார்கள், அழைப்பு வருவது மதியம் சாப்பாட்டுக்கு மேல். அதுவரைக்கும் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு போனையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், டாக்டர் கூப்பிடும்போது நாம் இல்லையென்றால் தப்பு என்று பாத்ரூமுக்குக்கூடப் போக மாட்டார்.

சரி, இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வருகிறவர் யார் என்பதில்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஸ்டென்ட் வைத்த டாக்டர் ஒரு தடவைகூட லைனில் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு புது முகம். "எதுக்காக அட்மிட் ஆனீங்க?" என்று கேட்டார் முதல் டாக்டர். அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே, அவர்கள் ஐசியூவிலேயே படுத்துக் கிடந்த மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? டிஸ்சார்ஜ் சம்மரி அவர் கண் முன்னால் இல்லை. அப்பா "நெஞ்சு வலி சார்" என்றார். "இப்ப வலி இருக்கா?" "இல்ல சார்." "அப்ப நல்லாத்தான் இருக்கீங்க, அதே மாத்திரையை கன்டினியூ பண்ணுங்க." முடிந்தது. எடை கேட்கவில்லை, பிரஷர் கேட்கவில்லை, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்கவில்லை.

அடுத்த தடவை ஒரு பெண் டாக்டர். அதற்குள் அப்பாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்துவிட்டது. செருப்பு வார் பதிந்த தடம் சாயந்திரம் வரை காலில் அப்படியே இருக்கும், கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும், அந்தக் குழி மேலே வர நேரமாகும். படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று இரண்டு தலையணை வைத்துப் படுத்தார். அம்மா போனை அவர் காலுக்கு நேராகப் பிடித்து, "டாக்டரம்மா, இங்க பாருங்கம்மா, அமுக்குனா குழி விழுது" என்று அழுத்தி அழுத்திக் காட்டியிருக்கிறார். சிக்னல் இல்லாமல் படம் உறைந்துபோய்விட்டது. "வயசானா அப்படித்தான் இருக்கும்மா, காலைத் தூக்கி வெச்சுப் படுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பம்பிங் குறைந்தவருக்குக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டினால் உடம்பில் நீர் சேர்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினால் உடனே சொல்லுங்கள் என்று இருதய நோயாளிகளுக்குச் சொல்லி அனுப்புவது உலகம் முழுக்க இருக்கிற வழக்கம். இன்னொன்றும் இருக்கிறது. அப்பா சாப்பிடுவது டிகாக்ரெலார், ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை. அந்த மாத்திரையே சிலருக்கு மூச்சு வாங்க வைக்கும். அப்படியானால் மூச்சு முட்டுவது மருந்தாலா, இருதயத்தாலா என்று யாராவது பிரித்துப் பார்க்க வேண்டாமா? மருந்துதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு அப்பா தானாகவே அதை நிறுத்தியிருந்தால் ஸ்டென்ட் அடைத்து உயிரே போயிருக்கலாம். ஃபாலோ-அப் என்று ஒன்று இருப்பதே இந்த மாதிரி இடத்துக்குத்தானே!

நேரில் கூட்டிவருகிறோம், அந்த கார்டியாலஜிஸ்ட்டின் ஓ.பி.க்கு டோக்கன் கொடுங்கள் என்று போன் செய்தேன். உங்களுடையது டெலி ரெவ்யூ பேக்கேஜ், அடுத்த டெலி ரெவ்யூவில் டாக்டர் சொன்னால்தான் ஓ.பி. என்றார்கள். கடைசியில் எங்கள் ஊர்ப்பக்கம் சின்ன க்ளினிக் வைத்திருக்கிற டாக்டர்தான் காலை அழுத்திப் பார்த்து, முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இன்றைக்கே மதுரைக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். போன அன்றே அட்மிட் செய்துவிட்டார்கள். அங்கே கம்ப்யூட்டரில் அப்பாவின் பைலைத் திறந்தபோது கடைசியாக இருந்த வரியை நானே என் கண்ணால் பார்த்தேன்: டெலி ரெவ்யூ முடிந்தது, பேஷண்ட் ஸ்டேபிள். கால் வீக்கம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் அம்மா அழுத்தி அழுத்திக் காட்டியது எதுவும் அதில் இல்லை.

இதெல்லாம் விதியே இல்லாத விஷயம் என்று நினைக்காதீர்கள். 2020 மார்ச் 25ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் டெலிமெடிசினுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நாள். ஃபாலோ-அப் என்றால் என்ன என்று அதிலேயே இருக்கிறது: நேரில் பார்த்த அதே டாக்டர், ஆறு மாதத்துக்குள், அதே நோய்க்காகப் பார்க்க வேண்டும். முன்பு கொடுத்த சிகிச்சை டாக்டருக்கு நினைவில் இல்லையென்றால் அது ஃபாலோ-அப் கணக்கிலேயே வராது. நோயாளி நேரில் வருகிறேன் என்று சொல்லும்போது போனில்தான் பார்ப்பேன் என்று வற்புறுத்துவது தவறான நடத்தை என்றும் இருக்கிறது. எங்களுக்கு நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். வேறு வேறு டாக்டர், யாருக்கும் கேஸ் தெரியாது, நேரில் வர அனுமதியும் கிடையாது. அப்புறம் எதை ஃபாலோ-அப் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள்?

போனில் வைத்தியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்களை மாதிரி தூரத்துக் கிராமத்துக்காரர்களுக்குத்தான் அது மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை. அரசாங்கத்தின் இ-சஞ்சீவனியில் ஒரு முறை இருக்கிறது, நோயாளி பக்கத்துச் சுகாதார நிலையத்தில் போய் உட்காருவார், அங்கே இருக்கிற சுகாதாரப் பணியாளர் பிரஷர், சுகர் பார்த்துச் சொல்ல, டாக்டர் திரையில் இருந்து கேட்பார். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள், என் அம்மாவுக்கே வருகிறார்கள். அரசாங்கத்தால் எங்கள் தெருவுக்கு ஒரு ஆளை அனுப்ப முடிகிறது. லட்சக்கணக்கில் பில் போட்ட ஆஸ்பத்திரியால் டிஸ்சார்ஜ் சம்மரியை டாக்டரின் திரையில் திறந்து வைக்க முடியவில்லையா? அதற்கு என்ன செலவு ஆகிவிடும்?

வீட்டில் யாரையாவது டிஸ்சார்ஜ் செய்யப் போகிறீர்கள் என்றால், டெலி ரெவ்யூவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் யார் பேசுவார்கள் என்று டாக்டர் பெயரைக் கேளுங்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால் நேரில் வர உடனே டோக்கன் கிடைக்குமா என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு எடை பார்க்கும் மெஷினும் பிரஷர் மெஷினும் வாங்கி வைத்து தினமும் நோட்டில் எழுதுங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே படித்துக் காட்டுங்கள்.

அப்பா இப்போது வீட்டில்தான் இருக்கிறார், நீர் வடிந்து எடை குறைந்திருக்கிறது, ஒரு தலையணையில் தூங்குகிறார். டெலி ரெவ்யூவுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியும், அந்த அழைப்புகளில் பேசிய டாக்டர்களின் பெயரையும் பதிவு எண்ணையும், அவர்கள் என்ன எழுதி வைத்தார்கள் என்பதையும் கேட்டும் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன்.